பழைய கோயில இடிக்க தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க சாமி

தோத்திரம் சாமி.

தமிழ்நாட்டு கிராமங்கள்ல இருக்குற பழைய கத்தோலிக்க திருத்தலங்கள பாத்துக்குற பங்குசாமிமாருக்கும், பங்குப் பேரவைல இருக்குறவங்களுக்கும், திருவிழாக் கமிட்டிக்கும், அன்பியத்து (பங்குல வீடுங்க சேந்து கூடுற சின்ன செபக் குழு) அக்காமாருக்கும் இத எழுதுறேன். நான் உங்க பங்கு இல்ல, உங்க ஊரும் இல்ல, திருவிழாவுக்கும் நவநாளுக்கும் பஸ் ஏறி வந்து மெழுகுதிரி ஏத்திட்டு, உப்பும் மிளகும் போட்டுட்டு, மரத்தடில உக்காந்து கட்டுச்சோறு சாப்ட்டுட்டு திரும்பிப் போற கூட்டத்துல ஒருத்தி. ஆனா உங்க கோயில உங்க அளவுக்கே நேசிக்கிறவங்க வெளியூர்ல நெறைய பேரு இருக்கோம், நாங்க எந்த கூட்டத்துலயும் கையெழுத்து போடுறவங்க இல்ல, அதனால எங்க கிட்ட கேக்கணும்னு யாருக்கும் தோணுறதில்ல, அதான் பொதுவுல எழுதிடலாம்னு எழுதுறேன்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். பழைய கோயில இடிக்காதீங்க. இடிக்காம வச்சிருந்தாலும் அதுமேல சிமெண்ட் பூசாதீங்க, டைல்ஸ் ஒட்டாதீங்க, பழைய சுரூபத்துக்கு, அதான் சிலைக்கு, எனாமல் பெயிண்ட் அடிக்காதீங்க. இத கோபத்துல சொல்லல. இதெல்லாம் செய்றவங்க கெட்ட எண்ணத்துல செய்யலன்னு எனக்கு நல்லா தெரியும், மாதாவுக்கு நல்லது செய்யணும், கோயில் பளிச்சுன்னு இருக்கணும், வர்றவங்க பாத்து சந்தோஷப்படணும்னு ஆசைப்பட்டுத்தான் செய்றாங்க, துபாய்லயும் சவுதிலயும் வேல பாக்குற பிள்ளைங்க வெயில்ல நின்னு சம்பாதிச்ச காச அனுப்பி வைக்கிறாங்க, அந்த மனச நான் கும்பிடுறேன். அந்த காசு கோயிலுக்கு ஆயுச கூட்டுற வேலைக்கு போகணும்னுதான் இவ்ளோவும் எழுதுறேன்.

சமீபத்துல ஒரு திருத்தலத்துக்கு போயிருந்தோம், பேரு வேணாம். சின்ன வயசுல எங்கம்மா கூட போன கோயில். அப்ப உள்ள நுழைஞ்சா மத்தியான வெயில்ல கூட சில்லுன்னு இருக்கும், ஆளு உயரத்துக்கு மேல சன்னல், ரெண்டு முழம் கனத்துக்கு சுவரு, தரைல செவப்பு ஓடு பதிச்சிருக்கும், பீடம் முழுக்க மரத்துல செதுக்கி தங்க ரேக்கு ஒட்டினது. இப்ப போனா சுவத்துல இடுப்பு உயரம் வரைக்கும் பாத்ரூம்ல ஒட்டுற டைல்ஸ், மேல பச்ச கலர் பெயிண்ட், பீடம் இருந்த எடத்துல கிரானைட், பின்னாடி எல்இடி லைட்டு சுத்தி சுத்தி ஓடுது. உள்ள ஒரே புழுக்கம். பழைய பீடம் எங்கன்னு கேட்டா, கோயில் வேலையெல்லாம் பாத்துக்குற கோயில்பிள்ளை தாத்தா தலைய குனிஞ்சுகிட்டாரு. வாசல்ல பழைய சாமியாருங்க கல்லறை இருந்துச்சு, கல்லுல எழுத்து வெட்டினது, அது மேல இன்டர்லாக் கல்லு போட்டு மூடிட்டாங்க, இப்ப அது மேல பைக் நிக்குது. அங்க யாரு படுத்திருக்காங்கன்னு இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு யாரு சொல்லுவா.

நாங்க ஏன் இந்த கோயிலுங்களுக்கு வர்றோம்னு நீங்க யோசிச்சு பாக்கணும். செபம் பண்ண எங்க ஊர்லயே கோயில் இருக்கு, அதுல ஏசி கூட இருக்கு. ஓரியூருக்கு வர்றவங்க எதுக்கு வர்றாங்க? லிஸ்பன்ல 1647ல பொறந்த ஒரு பெரிய வீட்டுப் பிள்ள, எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல் ஏறி வந்து, காவி கட்டி, மரக்கறி சாப்ட்டு, அருளானந்தர்னு பேரு வச்சுகிட்டு, மறவர் நாட்டுல நடையா நடந்து, கடைசில 1693 பிப்ரவரி 4ந்தேதி அந்த பாம்பாத்து ஓரத்துல தலைய குடுத்தாரு, அந்த மண்ணுல நிக்கணும்னு வர்றாங்க. செம்மண் புனிதர்னுதான் அவர சொல்றோம், கைல ஒரு பிடி மண்ண எடுத்து முந்தானைல முடிஞ்சுகிட்டு போறாங்க. அவருக்கு புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் 1853ல, புனிதர் பட்டம் 1947ல, ரோமாபுரில குடுத்தாங்க, ஆனா சனம் ஓரியூருக்குத்தான் வருது, ஏன்னா நடந்தது அங்க. எடம்தான் முக்கியம். அந்த எடத்துல பழசா எது மிச்சம் இருந்தாலும் அதுவும் சாட்சிதான்.

அதே மாதிரி ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடகரைல, அரியலூர் மாவட்டம், கும்பகோணம் மறைமாவட்டம். 1680ல இத்தாலில பொறந்த பெஸ்கி சாமி, நம்ம வீரமாமுனிவர், அங்க இருந்து வேல பாத்தாரு, அந்த ஊருக்கு திருக்காவலூர்னு பேரு வச்சு அடைக்கல மாதா மேல ஒரு கலம்பகமே பாடினாரு. அரியலூர் மழவராயருக்கு பிளவைங்குற பெரிய கட்டி வந்து சாமி வைத்தியம் பாத்து சுகமாச்சுன்னும் அதுக்கு நன்றியா நெலம் குடுத்தாருன்னும் அங்க சொல்லுவாங்க, கல்வெட்டும் காட்டுவாங்க. ஒரு இந்து பாளையக்காரரும் ஒரு இத்தாலி சாமியாரும் சேந்து நிக்கிற கத அது, எவ்ளோ பெரிய விஷயம், அந்த கல்லு இல்லைன்னா அது வெறும் வாய்ப்பேச்சா போயிருக்கும். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துல பெரியநாயகி மாதாவ பாத்திருப்பீங்க, தமிழ்ப் பொம்பள கோலத்துல கைல பிள்ளையோட. வீரமாமுனிவர் காலத்துலயே மாதாவ நம்ம வீட்டு அம்மாவா கொண்டாந்து நிறுத்திட்டாங்க. அந்த சுரூபத்துக்கு பதிலா கடைல விக்கிற ஃபைபர் சுரூபம் ஒண்ண வச்சா அதுவும் மாதாதான், யாரும் இல்லன்னு சொல்லல, ஆனா முந்நூறு வருஷமா அழுதுகிட்டு வந்து நின்னவங்க பாத்த முகம் அது இல்லையே.

இப்ப கட்டட விஷயத்துக்கு வர்றேன், இதுதான் நான் ரொம்ப சொல்ல வந்தது, கொஞ்சம் பொறுமையா படிங்க. என் வீட்டுக்காரரு கட்டட வேலைல இருக்காரு, பழைய வீடுங்கள சுண்ணாம்புல திருத்துற கொத்தனாருங்களோட பழக்கம், அவங்க பேசினத கேட்டு கேட்டு எனக்கு தெரிஞ்சது இது.

நம்ம பழைய கோயிலுங்க பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்ப சூளைல சுட்டு, தண்ணி விட்டு நீத்து, நாள்கணக்குல ஊறப்போட்டு, மணலோட சேத்து செக்குல அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணிய ஊத்தி கொழைச்சு கட்டினது. அந்த சுவருக்கு ஒரு குணம் உண்டு, ஈரத்த வாங்கும், வாங்கின ஈரத்த வெளிய விட்டுடும். மண்ணுல இருந்து அடில ஏறுற ஈரமும் மழைல நனைஞ்ச ஈரமும் வெயில் வந்ததும் பூச்சு வழியாவே காஞ்சு போயிடும், அதனாலதான் இருநூறு வருஷம் நிக்குது, உள்ள சில்லுன்னும் இருக்குது. அதுமேல சிமெண்ட் பூசினா என்னாகும்? வேர்த்து நிக்கிற ஆளுக்கு மழைக்கோட்ட மாட்டி பட்டன போட்டு விட்ட மாதிரிதான், உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழி இல்லாம சுவத்துக்குள்ளயே மேல மேல ஏறும், அந்த ஈரத்துல கரைஞ்சிருக்குற உப்பு செங்கல்லுக்குள்ளயே படிகமா வெடிக்கும், செங்கல்லு பொரிஞ்சு மாவா உதிரும். கடக்கரை ஊருங்கள்ல இது இன்னும் வேகமா நடக்கும். வெளிய பாத்தா சிமெண்ட் நல்லா இருக்கும், தட்டிப் பாத்தா டொப்பு டொப்புன்னு சத்தம் கேக்கும், ஒருநாள் பாளம் பாளமா விழும், விழும்போது பழைய செங்கல்லையும் சேத்து பிச்சிகிட்டு விழும். அப்ப என்ன சொல்லுவாங்க? "கோயில் ரொம்ப பழசாயிடுச்சு, பலம் இல்ல, இடிச்சிட்டு புதுசு கட்டிடுவோம்." அந்த சுவரு வயசாகி சாகல சாமி, அத மூச்சு முட்ட வச்சு நாமதான் கெடுத்தோம்.

தரைல வழுவழுன்னு டைல்ஸ் போட்டாலும் இதே கததான், தரை வழியா போக முடியாத ஈரம் சுவத்த தேடி ஓடும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் அப்படித்தான். அதுக்கு பதிலா வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி நல்ல சுண்ணாம்ப கரைச்சு வெள்ளையடிச்சாங்க பாருங்க நம்ம பெரியவங்க, அது வெறும் அழகுக்கு இல்ல, அது சுவத்துக்கு செய்ற வைத்தியம், செலவும் கம்மி, ஊர்ப் பிள்ளைங்களே சேந்து அடிப்பாங்க, அதுவே ஒரு கொண்டாட்டமா இருக்கும்.

கூரைய பத்தியும் சொல்லணும். மட்டக் கூரையா இருந்தா தேக்கு உத்தரம் போட்டு மேல சின்ன செங்கல்ல நட்டுக்க வச்சு சுண்ணாம்புல இறுக்கின மெட்ராஸ் டெரஸா இருக்கும். ஒழுகுதுன்னு சொன்ன உடனே இன்ஜினியர் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம்னு சொல்லுவாரு. ஒரு நிமிஷம் நிறுத்தி, எங்க ஒழுகுதுன்னு ஏணி வச்சு மேல ஏறி பாக்க சொல்லுங்க. பாதி எடத்துல தண்ணி போற தூம்புல எல அடைச்சிருக்கும், இல்ல கைப்பிடிச் சுவத்துல ஆலங்கன்னோ அரசங்கன்னோ மொளச்சு வேர விட்டிருக்கும். அந்த கன்ன மேலாக வெட்டி விட்டா பத்தாது, வேரு உள்ள உசுரோட இருந்து அடுத்த மழைக்கு இன்னும் தடியா வரும், வேரையும் சாகடிச்சு அந்த சந்த சுண்ணாம்பு வச்சு அடைக்கணும். உத்தரத்துல எந்த கட்டை எந்த எடத்துல மக்கியிருக்குன்னு பாத்து, பெரும்பாலும் சுவத்துக்குள்ள சொருகியிருக்குற முனைதான் மக்கும், அத மட்டும் மாத்தலாம். ஓட்டுக் கூரையா இருந்தா உடைஞ்ச ஓட்ட மாத்துறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கம் திருப்பி பாருங்க, எந்த கம்பெனி ஓடுன்னு அச்சு இருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல ஆரம்பிச்ச ஓட்டுத் தொழில்தான் அப்புறம் நாடு முழுக்க பரவுச்சு, புராட்டஸ்டண்ட் மிஷன் ஆரம்பிச்சு வச்ச ஓடு நம்ம மாதா கோயில் தலைல உக்காந்திருக்கறத நெனச்சா எனக்கு மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

விரிசல பாத்தும் பயந்துடாதீங்க. பழைய சுவத்துல விரிசல் இல்லாம இருக்காது, பல விரிசல் நம்ம பாட்டன் காலத்துலயே விட்டு அங்கயே நின்னு போனது. விரிசலுக்கு குறுக்க சின்ன கண்ணாடித் துண்ட ரெண்டு பக்கமும் ஒட்டி, தேதி எழுதி வைங்க, மழைக்காலமும் கோடையும் தாண்டி கண்ணாடி உடையலன்னா அது ஓடாத விரிசல். உடைஞ்சா அப்ப பழைய கட்டட வேல தெரிஞ்ச இன்ஜினியர கூப்பிடுங்க. கான்கிரீட் வீடு மட்டுமே கட்டி பழகினவரு குடுக்குற "பலம் இல்ல" சர்டிபிகேட்ட நம்பி முடிவு எடுக்க வேணாம், அவர குத்தம் சொல்லல, அவருக்கு தெரிஞ்ச கட்டடம் வேற. நெசமாவே தல மேல விழுற நெலமைல இருந்தா சனத்த உள்ள விடாதீங்க, முட்டு குடுங்க, பூசைய பந்தல்ல வைங்க, உசுரு பெருசு, அதுல ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா முட்டு குடுத்துட்டு யோசிக்க டைம் எடுக்கலாம், இடிச்சிட்டா அதுக்கப்புறம் யோசிக்க ஒண்ணுமே இருக்காது.

திருச்சபையே இதத்தான் சொல்லுதுன்னு நம்ம பேரவைல பல பேருக்கு தெரியல. திருச்சபைச் சட்டம் 1189ஆவது எண்ண எடுத்து பாருங்க, பழமையினாலயோ கலையினாலயோ சனத்தோட பக்தியினாலயோ சிறப்பு பெற்ற சுரூபம், படம் எதையும் ஆயரோட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம பழுதுபாக்கவே கூடாது, அவரும் அனுமதி குடுக்க முன்னாடி வெவரம் தெரிஞ்சவங்கள கேக்கணும்னு இருக்கு. சும்மா டச்சப் தானேன்னு பெயிண்டர கூப்பிட்டு மாதா முகத்துக்கு ரோஸ் கலர் அடிக்கிறதும் இதுல அடங்கும். 1963ல வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட திருவழிபாட்டு ஏடும் பழைய திருப்பொருளுங்க கைமாறிப் போகாம, அழிஞ்சு போகாம பாத்துக்கணும்னு ஆயர்களுக்கு சொல்லுது. 1999ல வத்திக்கான்ல இருந்து, ஒவ்வொரு எடத்துலயும் இருக்குற கலைப்பொருளுங்களுக்கு பட்டியல் போடுறது அவசரம்னு தனியா ஒரு கடிதமே வந்துச்சு. உங்க கோயில்ல பட்டியல் இருக்கா? பூசைல ரசம் ஊத்துற பழைய காசா, நற்கருணைய வச்சு காட்டுற பழைய கதிர்பாத்திரம், குருக்களோட பூசை உடுப்பு, வெண்கல மெழுகுதிரித் தண்டு, மணி, மணில வார்த்திருக்குற எழுத்து, ஞானஸ்நானப் பதிவேடு? ஒரு போன் போதும் சாமி, பத்தாங்கிளாஸ் படிக்கிற ரெண்டு பிள்ளைங்கள விட்டா ஒரு சனிக்கிழமைல எல்லாத்தையும் போட்டோ எடுத்து நோட்டுல எழுதிடுவாங்க. பட்டியல் இல்லாத எடத்துல இருந்துதான் சாமான் பழஞ்சாமான் கடைக்கு போகுது, போனத கேக்கவும் வழி இல்ல.

கோயில்பிள்ளை தாத்தாங்களையும் அந்த பட்டியல்ல சேத்துக்கணும்னு நான் சொல்லுவேன். எந்த மணிய எப்ப அடிப்பாங்க, சாவுமணிக்கு எத்தன தட்டு, வெள்ளத்துல எந்த படி வரைக்கும் தண்ணி வந்துச்சு, எந்த சப்பரம் எந்த தெருவுல மொதல்ல திரும்பும், தேர எந்த வீட்டுக்காரங்க வடம் தொட்டு குடுப்பாங்க, பெரிய வெள்ளிக்கிழம பாடுற வியாகுலப் பாட்டு என்ன ராகம், எல்லாம் அவரு கிட்டதான் இருக்கு, எந்த புக்லயும் இல்ல. அவர உக்கார வச்சு பேச சொல்லி ரெக்கார்டு பண்ணுங்க. பாட்டுப் பாடுற பாட்டிங்களையும்தான். காமநாயக்கன்பட்டில ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு ஈரத்துணியோட கும்பிடு சேவ செய்ற சனத்த பாத்தவங்களுக்கு தெரியும், அந்த பக்திய கத்துக் குடுத்தது யாரும் அச்சடிச்ச நோட்டீஸ் இல்ல, பக்கத்துல விழுந்து கும்பிட்ட அம்மாவும் அத்தையும்தான்.

கூட்டம் பத்தலையே, எடம் வேணுமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, பதிலும் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. வேளாங்கண்ணில எவ்ளோ கூட்டம் வந்துச்சு, அங்க மாதா இருக்குற எடத்த இடிச்சா புதுசு கட்டினாங்க? முன்பக்கம் இருந்தது இருக்க பின்னாடி நீட்டி கட்டினாங்க, அப்புறமும் பத்தலன்னு தள்ளி விடியற்கால விண்மீன் ஆலயம்னு பெருசா தனியா எழுப்பினாங்க. உங்க ஊர்லயும் அப்படி செய்யலாம். திருவிழா பூசைக்கு தனியா கொட்டகையோ மண்டபமோ கட்டுங்க, வருஷத்துல மத்த நாளு பழைய கோயில் பத்தாமலா போகுது? சொல்லப்போனா எங்களுக்கு வேண்டியது பெரிய கோயிலே இல்ல. நல்ல கக்கூஸ் வேணும், அதுல தண்ணி வேணும், பொம்பளைங்க குளிச்சு துணி மாத்த மறைவு வேணும், குடிதண்ணி வேணும், வயசானவங்க ஏற சரிவுப்பாத வேணும், ராத்திரி தங்க மேல கூர உள்ள ஒரு எடம் வேணும், தேர்பவனி முடிஞ்சப்புறம் ஊருக்கு திரும்ப ஒரு பஸ்ஸு வேணும். கோடிக்கணக்குல செலவு பண்ணி கோபுரம் கட்டின எடத்துல கூட கைப்பிள்ளக்காரி காட்டுப்பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தத நான் பாத்திருக்கேன். அந்த காச இங்க போடுங்க சாமி, மாதா சந்தோஷப்படுவா.

இடைக்காட்டூருக்கு போகாதவங்க பேரவையோட ஒரு வேன் எடுத்து போயிட்டு வாங்க. மதுர ராமேஸ்வரம் ரோட்டுல இருந்து உள்ள திரும்பணும், சிவகங்கை மாவட்டம். பிரான்சுல இருக்குற ரெய்ம்ஸ் பேராலயத்த மனசுல வச்சு பெர்டினாண்ட் செல் சாமி 1894ல கட்டி முடிச்ச திரு இருதய ஆண்டவர் கோயில். வயக்காட்டு நடுவுல கூர் கூரா கோபுரத்தோட அது தெரியும்போது வேனுக்குள்ள எல்லாரும் பேச்ச நிறுத்திடுவாங்க. உள்ள போயி தூணையும் வளைவையும் கிட்ட பாருங்க, வெட்டின கல்லு இல்ல, சுட்ட மண்ணு, விதவிதமான அச்சுல வார்த்து சுட்ட செங்கல்லு. அதே கோயில இன்னிக்கு யாராவது டிசைன் போட்டு குடுத்தாலும் அந்த அச்சுக்கும் அந்த கைவேலைக்கும் ஆள தேடி அலையணும். இன்னொண்ணும் சொல்றேன், அதுக்கு மாதிரியா இருந்த ரெய்ம்ஸ் கோயில் மேல 1914ல ஜெர்மன்காரங்க பீரங்கி குண்டு விழுந்து கூரையெல்லாம் எரிஞ்சு போச்சு. ரெண்டு கோபுரமும் கருகி நிக்குது, போனது போகட்டும்னு இடிச்சிட்டு புதுசு கட்டல. கல்லு கல்லா சேத்து பழுதுபாத்து 1938ல மறுபடி திறந்தாங்க. குண்டு விழுந்த கோயிலையே எழுப்பலாம்னா, சுவரு ஓதம் காத்திருக்குன்னு நாம இடிக்கலாமா?

பழசு எல்லாத்தையும் அப்படியே வைக்கணும்னு நான் சொல்லல, அதையும் சொல்லிடணும். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல ரெண்டு சாதிக்காரங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காம உக்காரணும்னே ரெண்டு கையா பிரிச்சு கோயில் கட்டி நடுவுல சுவரு வச்சிருந்தாங்க, 1910ல அந்த சுவத்த இடிச்சாங்க. அந்த சுவரு இடிய வேண்டிய சுவருதான், அத இடிச்சது திருப்பணி. அந்த மாதிரி சுவரு உங்க ஊர்ல கல்லறைத் தோட்டத்துல இன்னும் இருந்தா, இல்ல சப்பரம் சில தெருவுக்கு போறதில்லன்னு இருந்தா, பழமைன்னு சொல்லி அத காப்பாத்த வேணாம், தீர்மானம் போடுறதுனா அதுக்கு போடுங்க, கடப்பாரைய நானும் பிடிக்கிறேன்.

செலவு, உதவி பத்தி. சிறுபான்மையினர் நலத்துறை மூலமா தேவாலயம் பழுதுபாக்க அரசாங்கமே நிதி குடுக்குது, கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, ஆனா அந்த காசுலயும் சிமெண்ட் பூசிடாதீங்க. பக்கத்துல ஆர்க்கிடெக்சர் காலேஜ் இருந்தா எழுதிப் போடுங்க, பிள்ளைங்க வந்து கோயில முழுசா அளந்து வரைஞ்சு குடுப்பாங்க, அவங்களுக்கு அது படிப்பு, உங்களுக்கு அது ஆவணம். பழைய கட்டடங்கள காப்பாத்த பாடுபடுற இன்டாக் அமைப்போட கிளைங்க நம்ம மாநிலத்துலயும் இருக்கு, அவங்க கிட்ட சுண்ணாம்பு வேல தெரிஞ்ச ஆளுங்க தொடர்பு கிடைக்கும். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் அந்த வேல தெரிஞ்ச கொத்தனாருங்க இருக்காங்க, கூப்பிட ஆள் இல்லாமதான் அவங்க பிள்ளைங்க வேற வேலைக்கு போறாங்க. உபயம் பேரு போடுறதுல தப்பே இல்ல, குடுத்தவங்க பேர போடுங்க, "கூரை பழுதுபாக்க உபயம்", "பழைய பீடம் சீரமைக்க உபயம்"னு வாசல்ல ஒரே பலகைல போடுங்க, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கிரானைட் பலகை வேணாம்.

வர்ற பேரவைக் கூட்டத்துல இத ஒரு பொருளா வைங்க. ஒருவேள உங்க ஊர்ல ஏற்கனவே இடிக்க தேதி குறிச்சு, புது கோயில் பிளக்ஸ் வாசல்ல கட்டியிருந்தாலும் பரவால்ல, அஸ்திவாரம் தோண்டுற வரைக்கும் மனச மாத்திக்கலாம், பிளக்ஸ கழட்டினா ஒரு குறையும் வராது. ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம், பழைய கட்டட வேல தெரிஞ்ச ஒருத்தரோட ஒரு பார்வ, ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கறது, இந்த மூணத்தான் கேக்குறேன். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் வேணும்னா எங்க வீட்டுக்காரரு தனக்கு தெரிஞ்ச கொத்தனாருங்கள கூட்டிகிட்டு வந்து பாத்து சொல்றேன்னு சொல்லியிருக்காரு, பஸ் காசு கூட வேணாம், மத்தியானத்துக்கு சோறு போட்டா போதும்.

மரியே வாழ்க.

இப்படிக்கு,
திருவிழாவுக்கு வந்துபோற ஒருத்தி